காலாற நடக்க எங்கே போகலாம்?

வாசகர் கேள்வி-பதில் பகுதியை இந்த இதழில் முழுவதுமாக நடைக்கே ஒதுக்கியிருக்கிறோம். மலையேற்றமும் மாரத்தானும் இதில் சேரா. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் முதியவர்களும் குழந்தைகளும் மூச்சு வாங்காமல் நடந்து வரக்கூடிய பூங்காக்கள், ஏரிக்கரைகள், காப்புக் காடுகள் ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 66. வலது முழங்காலில் தேய்மானம் இருப்பதால் சமதரையில் தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். எங்கள் தெருப் பூங்காவில் சிமெண்டுக் கல் பதித்த பாதை, எட்டு வடிவப் பாதை, கூழாங்கல் பாதை என மூன்று உள்ளன. எனக்கு எது ஏற்றது? இவற்றைவிட நல்ல இடம் அருகில் உண்டா?
— குரோம்பேட்டை வாசகர்

பதில்: மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சிமெண்டுக் கல் பாதையையே சொல்வேன். எட்டு போடுவதால் எல்லா நோயும் தீரும் என்று நம்புகிறவர்கள் நம் பூங்காக்களில் ஏராளமாக உண்டு. அவர்களோடு வாதிட நான் வரவில்லை. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கு நேராக நடப்பதைவிடத் திரும்புவதுதான் அதிக வலி தரும் என்பதால், நாலு அடிக்கு ஒரு முறை உடலைத் திருப்ப வேண்டிய அந்தப் பாதை உங்களுக்கு உகந்ததன்று. கூழாங்கல் பாதையைப் பொறுத்தவரை, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது. கல் குத்தியது தெரியாமலே புண்ணாகி, தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும்.

இவற்றைவிட நல்ல இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரி சீரமைக்கப்பட்டுக் கரையில் நடைபாதை போடப்பட்டிருக்கிறது. பொதுவாகவே ஏரிக்கரை என்பது வயதானவர்கள் நடப்பதற்கென்றே போட்டு வைத்தது போன்ற இடம். காரணம் எளிது: கரையின் மேல்மட்டம் ஓரிடத்தில் தாழ்ந்தாலும் வெள்ளக் காலத்தில் நீர் அங்கேதான் உடைத்துக்கொள்ளும் என்பதால், கரை கட்டியவர்கள் அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டமாக வைத்தார்கள். நீரைக் காப்பதற்காக அவர்கள் பார்த்த அந்த மட்டம் இன்று உங்கள் முழங்காலுக்கு உதவுகிறது. மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அங்கே போகாமல் முன்னதாகவே திரும்பிவிடலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. பாதிச் சுற்றில் வலி வந்தால், முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே தூரம்தான். போன வழியே திரும்பி வரும்படி நடந்தால், முதல் நாள் பத்து நிமிடம் போய்ப் பத்து நிமிடம் திரும்பலாம். ஒரு வாரம் சென்றபின் இரண்டு நிமிடம் கூட்டலாம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

கேள்வி: தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று என் மகன் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டான். டவர் பார்க்கில் எத்தனை சுற்று சுற்றினால் அந்தக் கணக்கு நேராகும்?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: பத்தாயிரம் என்பது மருத்துவ நூலில் பிறந்த எண் அன்று. 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கருவி விற்றதோ இல்லையோ, எண் உலகெங்கும் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கு எதையும் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்களுக்கு அரை மணி நேரம், மிதமான வேகத்தில் உடல் உழைக்க வேண்டும் என்பதுதான் அதன் குறைந்தபட்சப் பரிந்துரை. எனவே சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டு அரை மணி நேரத்தை எண்ணுங்கள். மகனுக்கு மனத்தாங்கல் வராமலிருக்கக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே நடக்கலாம்.

1968-இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பூங்காவின் 135 அடி உயரக் கோபுரத்தின் மேலேறுவதை நடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கீழே மரநிழலில் நடப்பதற்கு ஈடான பாதை அண்ணா நகரில் வேறில்லை.

கேள்வி: ஏழு வயதுப் பேரனையும் 70 வயதான என் தாயாரையும் ஒன்றாக வண்டலூருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். இருவரும் களைத்துப் போகாமல் நடந்து பார்ப்பதற்கு என்ன வழி?
— பெரம்பூர் வாசகி

பதில்: வண்டலூரை மிருகக்காட்சிசாலை என்று எண்ணிப் போகிறவர்கள் களைத்துத் திரும்புகிறார்கள், அது ஒரு காடு என்று எண்ணிப் போகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். 1855-இல் மதராசில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை நகருக்குள் இடம் போதாமல் வெளியேறி, 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வண்டலூரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். கூண்டுக்குக் கூண்டு பத்தடி தூரம் இருந்த பழைய இடத்தின் கணக்கை இங்கே போடக்கூடாது. அகழிக்கு அப்பால் புலி படுத்திருக்கும் இடத்திலிருந்து அடுத்த விலங்கு இருக்கும் இடத்துக்கு வெறும் மரங்களுக்கிடையே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். அந்த நெடுந்தூரம்தான் அங்கே பார்க்க வேண்டியது என்பது என் கட்சி. ஏழு வயதுப் பேரன் இதை ஏற்கமாட்டான் என்பதும் தெரியும்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதை விட்டு வேறொரு வார நாளில், வாயில் திறக்கும்போதே உள்ளே இருக்கும்படி புறப்படுங்கள். கடற்கரை-செங்கல்பட்டு மின்சார ரயிலில் வந்தால் வண்டலூர் நிலையத்திலேயே இறங்கலாம். உள்ளே போனதும் முதலில் பேட்டரி வண்டியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டால், பேரனுக்கு யானையும் சிங்கமும் ஆயிற்று, பாட்டிக்குக் கால் மிச்சம் ஆயிற்று. அதன்பின் பறவைகள் இருக்கும் பகுதியையும், பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிப் பக்கத்தையும் மட்டும் நடந்து பார்க்கலாம். அந்த ஏரிக்கு வரும் கொக்கும் வக்காவும் யாரும் கூண்டில் அடைத்தவை அல்ல. நீர் இருக்கும்வரை தாமாகவே வந்து தங்குபவை. கோடையில் ஏரி வறண்டால் அவையும் இரா. பகல் பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதற்குமேல் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும். பார்ப்பதற்கு வால் நுனிகூட மிஞ்சாது.

கேள்வி: கிண்டி தேசியப் பூங்காவுக்குள் காலை நடைக்கு அனுமதிப்பார்களா? ஊருக்கு நடுவில் இருக்கும் காட்டை மக்களுக்குத் திறந்துவிடாமல் பூட்டி வைப்பது நியாயமா?
— சைதாப்பேட்டை வாசகர்

பதில்: அனுமதிப்பதில்லை, நியாயம்தான். அந்தக் காட்டின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த வனமாக இருந்து 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறிய இடத்தில்தான் வெளிமான் வாழ்கிறது. வெளிமானுக்குப் புதர் ஆகாது. திறந்த புல்வெளி வேண்டும், ஆளைக் கண்டால் ஓடுவதற்குத் தூரம் வேண்டும். நான்கு புறமும் சுவரும் சாலையும் சூழ்ந்துவிட்ட நிலையில், தினமும் காலையில் ஐந்நூறு பேர் கைவீசி நடந்தால் அது ஓடிப் போய்ச் சேர இடமில்லை. நாம் நடப்பதற்கு ஊரெல்லாம் பூங்கா இருக்கிறது, அதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

நீங்கள் போகக்கூடியது அதை ஒட்டியுள்ள சிறுவர் பூங்கா. அதற்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே ஊஞ்சலுக்கும் மான்களுக்கும் நடுவில், பலரும் திரும்பிப் பாராமல் கடந்து போகும் கல்மரம் ஒன்று இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மரமாக இருந்து, மண்ணில் புதைந்து, இழை இழையாகக் கல்லாக மாறியது அது. அருகில் போய்ப் பார்த்தால் இன்றும் பட்டையின் வரி தெரியும், ஆனால் தொட்டால் பாறையின் குளிர்ச்சி. வேலிக்கு அப்பால் தெரியும் காட்டையும் சற்று நின்று பாருங்கள். களாச் செடியும் பனையும் முட்புதரும் பின்னிக் கிடக்கும் அந்த உயரம் குறைந்த காட்டுக்கு உலர் பசுமைக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த அந்த வகைக் காட்டில் இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது.

கேள்வி: கத்திரி வெயில் காலத்தில் நடையை நிறுத்திவிடலாமா? எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்.
— அம்பத்தூர் வாசகி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை நகர்த்தினால் போதும். ஜனவரி இறுதியில் சென்னையில் சூரியன் எழ 6.30 மணியைத் தாண்டிவிடும்; மே மாத இறுதியிலோ 5.45-க்கு முன்பே எழுந்துவிடும். கடிகாரத்தில் ஆறு மணி என்று பழகியவர்கள் ஆண்டு முழுவதும் அதே ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள். ஜனவரியில் அது இருட்டு, மே மாதத்தில் அது வெயில். அக்கினி நட்சத்திரம் தொடங்கும் மே 4-ஆம் தேதிக்குள் நீங்கள் 5.15 மணிக்கு வாசலைக் கடக்கப் பழகிவிட வேண்டும். அதாவது வானம் வெளுக்கத் தொடங்கும்போது பூங்காவில் இருக்க வேண்டும். விடியலில் வெப்பம் குறைவே தவிரப் புழுக்கம் குறையாது. மேல் காற்று இல்லாத அந்த நேரத்தில் வியர்வை காயாது என்பதால், வேகத்தைக் குறைத்து, தண்ணீரைக் கையோடு கொண்டு போக வேண்டும். மாலையில் நடப்பதானால் கடற்காற்றைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அது உச்சிப்பொழுதுக்கே ஊருக்குள் நுழைந்த நாட்களில் ஐந்து மணிக்கு நடக்கலாம், பிந்திய நாட்களில் சுவர்களும் சாலையும் இருட்டிய பிறகும் அனல் விடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் வரும் அந்தக் காற்று அம்பத்தூருக்குத் தாமதமாகவே வந்து சேரும்.

சர்க்கரையைப் பற்றி: சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியும்வரை இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையிலோ கைப்பையிலோ மிட்டாய் இரண்டு வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல் ஆகியவை வந்தால் அது வெயிலின் வேலை என்று எண்ணி நடையைத் தொடர வேண்டாம். உட்கார்ந்து மிட்டாயை வாயில் போடுங்கள்.

நிழலைத் தேடி நகருக்குள் வர முடியுமானால் மயிலாப்பூர் லஸ் அருகிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவையும், 2010-இல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவையும் சொல்வேன். முன்னது சிறியது, ஆனால் மரங்கள் மூத்தவை.

கேள்வி: பள்ளிக்கரணையில் பூநாரை வருகிறது என்கிறார்கள். குப்பை நாற்றத்தில் நடக்க முடியுமா? எப்போது போகலாம்?
— மேடவாக்கம் வாசகர்

பதில்: நாற்றம் உண்மை, அதைக் கேட்டு ஒதுங்கிப் போனால் இழப்பு நமக்குத்தான். பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுமந்துகொண்டு, சாலைகளால் வெட்டுப்பட்டு, நாற்புறமும் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. உலகளவில் முக்கியமான ஈரநிலம் என்று அதற்குப் பொருள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடல் சேர்கிறது. நன்னீரும் சிறிது உப்பு நீரும் கலந்த இடம் என்பதால்தான் இத்தனை வகைப் பறவைகள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளின் காலம். பூநாரைகளுக்கு ஆழம் குறைந்த நீர் வேண்டும். மழை முடிந்து நீர் சற்று வற்றத் தொடங்கியபின் அவற்றைக் காணும் வாய்ப்பு கூடும், ஐப்பசி வெள்ளத்தின்போது போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். 2021-இல் வனத்துறை திறந்த சூழல் பூங்காவில் சதுப்பின் ஓரமாகவே நடைபாதை உண்டு. ஏற்ற இறக்கம் கிடையாது, முதியவர்களும் நடக்கலாம். நிழல் குறைவு என்பது ஒன்றே அதன் குறை. ஆகவே காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். காற்றின் திசையையும் பார்த்துக்கொள்வது நல்லது. குப்பைமேட்டிலிருந்து உங்கள் பக்கம் காற்று வீசும் நாளில் நடையைச் சுருக்கிக்கொண்டு திரும்புவதே சரி.

பூநாரைக்காக மட்டும் போகாதீர்கள். அது பெரும்பாலும் தொலைவில் வெள்ளைக் கோடு போலத்தான் தெரியும். இருநோக்கி (பைனாகுலர்) இல்லாதவர்களுக்கு ஏமாற்றம். கையருகே தெரிவது நீலத் தாழைக்கோழி. பாதையிலிருந்து இருபதடியில், கோரைக்கு நடுவில், கறிக்கோழி அளவில், நீலமும் ஊதாவும் கலந்த உடலோடு, நெற்றியில் குங்குமம் அப்பியது போன்ற சிவப்புக் கேடயத்தோடு அது நடக்கும். கோரைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலின் நீண்ட விரல்களால் அந்தத் தண்டைப் பிடித்து வாய்க்கு உயர்த்தி, நாம் கரும்பு தின்பது போலக் கடித்துத் தின்னும். அடியில் உள்ள வெண்மையான குருத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிட்டு அடுத்த தண்டுக்குப் போகும். நான் ஒரு முறை முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில், அன்றைய நடை நூறு அடியோடு முடிந்தது. அதே நீரில் முக்குளிப்பான் ஒன்று முழுகும். எந்த இடத்தில் எழும் என்று குழந்தைகளைச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு முறையும் சரியாக வராது.

கேள்வி: நன்மங்கலம் காட்டுக்குள் தனியாக நடக்கலாமா? பெண்ணாகிய நான் விடியற்காலையில் போக விரும்புகிறேன்.
— நங்கநல்லூர் வாசகி

பதில்: நன்மங்கலத்துக்குத் தனியாக வேண்டாம், இதை நான் ஆண்களுக்கும் சொல்வேன். வேளச்சேரி-தாம்பரம் சாலையை ஒட்டிய அது பூங்கா அன்று, சுமார் 320 ஹெக்டேர் பரப்புள்ள காப்புக் காடு. உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். பழைய கல்குவாரிப் பள்ளங்கள் புதருக்குப் பின்னால் திடீரென வாய் பிளந்து நிற்கும். விழுந்தவரின் குரல் சாலைக்குக் கேட்காது. அந்தக் குவாரிகளின் பாறை இடுக்குகளில்தான் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது, அதைக் காண்பதற்காகவே பறவை ஆர்வலர்கள் குழுவாகப் போகிறார்கள். 1978-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் இயற்கையியலாளர் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் கூட்டு நடைகளில் சேர்ந்துகொண்டால், அனுமதி, பாதை, துணை மூன்றும் ஒருங்கே அமையும். தினசரி விடியல் நடைக்கு, நடப்பவர்கள் பத்துப் பேராவது எப்போதும் இருக்கும் ஊர்ப் பூங்காவே உங்களுக்கு ஏற்றது. முதல் ஒரு வாரம் போய், யார் எந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு உங்கள் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு நேராகப் போய்விடலாமா?
— ஆலந்தூர் வாசகர்

பதில்: போகும் முன் அனுமதி முறையையும் நேரத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 58 ஏக்கரில் 2011-இல் திறக்கப்பட்ட அது பொழுதுபோக்குக்காக அமைந்ததன்று. குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியை மீட்டெடுத்த இடம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் இதே விதி. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த் தண்டு 1989-இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது நாம் காண்பவை அதன் விழுதுகள்.

கேள்வி: என் கணவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல முடியவில்லை. எங்காவது வழி உண்டா?
— கொளத்தூர் வாசகி

பதில்: உங்கள் குறை நியாயமானது. இருசக்கர வண்டிகள் நுழையக்கூடாது என்பதற்காகப் பல பூங்காக்களின் வாயிலில் இரும்புக் குழாயை வளைத்து வளைத்து ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். வண்டி எப்படியோ நுழைந்துவிடுகிறது, சக்கர நாற்காலி மட்டும் வெளியே நின்றுவிடுகிறது. தடுப்புக்கு அருகில் உள்ள பெரிய கதவின் சாவி காவலாளியிடம் இருக்கும். முதல் முறை நீங்கள் மட்டும் போய், அவரிடம் நேரத்தைச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டு, பாதையில் படி எங்கெங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். சாவிக்கு ஒவ்வொரு நாளும் கெஞ்ச வேண்டியிருந்தால், பூங்காவை நடத்தும் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். கேட்பது சலுகை அன்று.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது. மணலைக் கடந்து அலையின் அருகே வரை சக்கர நாற்காலி போகும். ஞாயிறு மாலைக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டு, வார நாளின் காலையில் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் நடப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? பாம்பு பயம் வேறு இருக்கிறது.
— முகலிவாக்கம் வாசகர்

பதில்: பாம்பைவிடப் பாசிக்கு அஞ்சுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், நான் நாள்தோறும் நடந்த பூங்கா ஒன்றில், மரநிழல் விழும் வளைவில், சிமெண்டுக் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பச்சைப் பாசியில் கால் வழுக்கி, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டேன். வெயில் படும் இடத்தில் கல் காய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள், நிழலிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி அதே வேகத்தில் காலை வைக்கிறார்கள். மழை விட்ட மறுநாள் கல் பாதையை விட்டு மண் பாதையில் நடப்பதே மேல். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பாம்புகள் மழையில் வளைக்குள் நீர் புகுவதால் வெளியே வருகின்றன. நம்மைத் தேடி வருவதில்லை. இருட்டில் கைவிளக்கு இல்லாமல் நடக்காதீர்கள், உதிர்ந்த இலைக் குவியலில் காலை விடாதீர்கள், பெஞ்சின் அடியில் கையை விடாதீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் மயில்கொன்றை அடியிலும் ஒதுங்க வேண்டாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது இந்த ஊர் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. வேர் ஆழமாக இறங்காமல் கிளை மட்டும் அகலமாக விரியும் மரங்களின் பலவீனத்தை அன்று தெருவுக்குத் தெரு பார்த்தோம்.

இந்தப் பருவத்துக்கென்று ஒரு கொடையும் உண்டு. ஐப்பசியில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக் குருவி சென்னைத் தோட்டங்களில் இறங்கி, தரையில் சருகைக் கிளறி இரை தேடும். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகும், அடிவயிற்றில் செந்நிறமும், கண்ணில் மை தீட்டியது போன்ற கறுப்புப் பட்டையும், குட்டை வாலும் கொண்ட சிறு பறவையைப் பூங்காவின் புதரடியில் கண்டால், நெருங்காமல் நின்றுவிடுங்கள். நெடும்பயணத்தால் களைத்து வீட்டு மாடியிலும் வராந்தாவிலும் அது விழுந்து கிடப்பதும் உண்டு. அப்போது ஓர் அட்டைப் பெட்டியில் துளையிட்டு, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு, மாலையில் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிட்டால் பெரும்பாலும் பறந்துவிடும்.

கேள்வி: ஒரே நாளில் போய்த் திரும்பும்படி, பெற்றோரோடு நடக்க, ஊருக்கு வெளியே ஓரிடம் சொல்லுங்கள்.
— போரூர் வாசகி

பதில்: வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நடக்க வேண்டியதோ ஏரிக்கரை ஒன்றுதான். முழு ஏரியும் 30 ஹெக்டேர் அளவே. தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர் மக்கள் கேட்டதற்கிணங்க 1798-இல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காத்ததில் கருணை மட்டுமன்றிக் கணக்கும் உண்டு: எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாய்ந்தால் எரு தனியாகப் போட வேண்டிய தேவை குறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மழை பெய்து ஏரி நிரம்பியதா என்று விசாரித்துக்கொண்டு டிசம்பர் அல்லது ஜனவரியில் போங்கள். நீரில்லாத ஆண்டில் பறவையும் இராது. கரையில் ஒருபுறம் வயல், மறுபுறம் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். மரத்துக்கு மரம் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கும். பெற்றோருக்கு இடையிடையே உட்கார இடம் கிடைக்கும். காட்சிக் கோபுரத்தில் அவர்கள் ஏற வேண்டியதில்லை, கரையிலிருந்தே தெரியும். காலையில் போவதைவிடப் பிற்பகல் மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்வது நல்லது. ஐந்து மணிக்குமேல், இரை தேடப் போன பறவைகள் வயல்களின் மேலாகக் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும்போது, வெயில் உங்கள் முகத்தில் விழாத பக்கமாகப் பார்த்து முன்பே ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய துணிக் குடை ஒன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை.